புதிதாய் வந்த தங்கை



சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறு. இரண்டாம் பூசை முடிந்து நாம் கோவிலை விட்டு வெளியே வந்தபோது, மரியாயின் சேனையில் நெடுங்காலமாக உழைத்துவரும் ஒரு தாயார் கையில் செபமாலையோடு நமக்காகக் காத்திருந்தார்.

“சாமி, அமெரிக்காவிலே இருக்கிற மூத்தவனுடைய மகள் இந்த வருஷம் காலேஜிலே சேர்ந்திருக்கிறாள். நேற்று போனிலே பேசினாள். ஏதோ சொராரிட்டியிலே சேரப் போகிறாளாம். அங்கே எல்லாரும் சிஸ்டர்ஸ்தானாம். ஒரே வீட்டிலே இருப்பார்களாம். வாக்குறுதியெல்லாம் கொடுக்க வேண்டுமாம். மடத்துக்குப் போகிறாளா, சாமி?”

அவர் முகத்தில் பாதி மகிழ்ச்சியும் பாதி அச்சமும் கலந்திருந்தன. நாம் நகைக்கவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இலத்தீன் மொழியில் ‘சொரோர்’ என்றால் சகோதரி என்று பொருள். 1874-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிரக்கியூஸ் பல்கலைக்கழக மாணவியர் தொடங்கிய ஒரு மன்றத்திற்கு, அங்கிருந்த இலத்தீன் பேராசிரியர் ஒருவர் 1882-இல் அச்சொல்லினின்று ஆக்கிக் கொடுத்த பெயரே ‘சொராரிட்டி’. தமிழில் சகோதரியர் மன்றம் எனலாம்.

பெண்கள் உயர்கல்வி பெறுவது அரிதாயிருந்த காலத்தில் இம்மன்றங்கள் பிறந்தன. 1851-இல் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில், பெண்களுக்கான ஒரு கல்லூரியில், இத்தகைய முதற்கழகம் தோன்றிற்று. பின்னர் ஆண்கள் நிறைந்த பல்கலைக்கழகங்களில் கால்வைத்த ஒரு சில மாணவியர், ஒருவருக்கொருவர் துணையாயிருக்க வேண்டிக் கிரேக்க எழுத்துக்களைப் பெயராகக் கொண்ட மன்றங்களை அமைத்தனர். 1902-இல் அவற்றை இணைக்கும் பேரவை ஒன்று உருவாயிற்று. இன்று அதில் 26 மன்றங்கள் உள்ளன. படிப்பில் குறிப்பிட்ட தரம், ஏழை எளியோருக்கான அறப்பணி, வாழ்நாள் நட்பு ஆகியவை இவற்றின் நோக்கங்கள். புதிய மாணவியை முதலில் அழைத்துப் பேசுவர், அழைப்பு வழங்குவர், சில வாரங்கள் மன்றத்தின் முறைகளைக் கற்பிப்பர், பின்னர்ச் சடங்குடன் சேர்த்துக்கொள்வர். ஒவ்வொரு புதியவளுக்கும் மூத்த மாணவி ஒருத்தியை ‘அக்கா’வாக நியமிப்பதும் உண்டு.

“மடமன்று, அம்மா. மாணவியர் மன்றம்தான். அஞ்ச வேண்டாம்” என்றோம். ஆயினும் அத்தாயார் நகரவில்லை. சற்று நேரம் செபமாலையின் மணிகளை உருட்டிக்கொண்டே நின்றார். பின்பு தாழ்ந்த குரலில், “அங்கேயும் ராகிங் உண்டா, சாமி? என் சின்ன மகளுக்கு நடந்த மாதிரி?” என்று கேட்டார்.

நமக்குச் சுருக்கென்றது.

1990-களின் நடுப்பகுதியில், நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில், இதே பங்கில் உதவிக் குருவாக இருந்தோம். அத்தாயாரின் இளைய மகள் அப்போது செவிலியர் பயிற்சிக்காக வெளியூர் விடுதி ஒன்றில் சேர்ந்திருந்தாள். மூன்றே வாரத்தில் தகரப் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தாள். நள்ளிரவில் எழுப்பிக் கட்டிலின்மேல் நின்று பாடச் சொன்னார்கள். மூத்த மாணவியரின் துணிகளைத் துவைக்கச் சொன்னார்கள். அவளுடைய ஊரையும் நிறத்தையும் உணவையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தந்தையார் அவளை நம்மிடம் அழைத்துவந்தார். நாம் என்ன கூறினோம்? “கொஞ்ச நாள் பொறுத்துக்கொள், அம்மா. எல்லாரும் கடந்து வந்ததுதானே! நாளைக்கு அவர்களே உனக்கு அக்காமார் ஆவார்கள்” என்று கூறி, சிலுவை அடையாளம் வரைந்து அனுப்பிவைத்தோம். அவள் திரும்பிப் போனாள். பத்து நாளில் மீண்டும் வந்துவிட்டாள். அதன்பின் அவள் படிக்கவே இல்லை.

அவ்வறிவுரை நம் வாயிலிருந்து வந்தது என்பதையே நாம் மறந்துவிட்டிருந்தோம். அத்தாயார் மறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாலை அவர்கள் இல்லத்திற்குச் சென்றோம். அந்த இளைய மகளும், இன்று தையல் வேலை செய்துவரும் நடுவயதுப் பெண்மணி, கதவோரம் அமர்ந்திருந்தார். கைபேசியின் வழியாகப் பேத்தியோடு பேசினோம். துணிவுள்ள பெண். “ஃபாதர், யாராவது என்னைக் கொடுமைப்படுத்தினால் நான் வெளியே வந்துவிடுவேன். பாட்டி பயப்பட வேண்டாம். என் கவலை வேறு. அடுத்த வருஷம் நானும் ஒரு புதுப் பெண்ணுக்கு அக்காவாக இருக்க வேண்டும். பழைய வழக்கங்கள் கஷ்டமாக இருந்தாலும் அவைதாம் எங்களை ஒன்றாகச் சேர்த்தன என்று சிலர் சொல்கிறார்கள். அது இல்லாமல் எப்படி ஒருத்தியை எங்களில் ஒருத்தியாக ஆக்குவது?” என்று கேட்டாள்.

எத்துணை நல்ல கேள்வி! நாமெல்லாம் ‘என் பிள்ளைக்குத் துன்பம் நேருமோ’ என்றே அஞ்சுகிறோம். ‘என் பிள்ளையால் மற்றொருவர் பிள்ளைக்குத் துன்பம் நேருமோ’ என்று கேட்பவர் எத்தனை பேர்? இம்மாதப் பக்கத்தை அக்கேள்விக்கே அளிக்கிறோம்.

துன்பம் ஒன்றுசேர்க்கும் என்னும் எண்ணம் முழுப் பொய்யன்று; அதனாலேயே அது ஆபத்தானது. 1959-இல் எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்னும் உளவியலார் இருவர் அமெரிக்கக் கல்லூரி மாணவியரிடம் ஒரு சோதனை நடத்தினர். ஒரு கலந்துரையாடற் குழுவில் சேர்வதற்கு விலையாகச் சிலரைக் கடும் கூச்சத்திற்கு உள்ளாக்கினர். சிலரைச் சிறிதளவே கூச்சப்படுத்தினர். சிலரை எதுவும் செய்யாமலே சேர்த்தனர். குழுவின் உரையாடல் வேண்டுமென்றே சுவையற்றதாக அமைக்கப்பட்டிருந்தது. ஆயினும் கடுமையாகக் கூச்சப்பட்டவர்களே அதை மிகவும் உயர்வாக மதிப்பிட்டனர். காரணம் என்ன? இவ்வளவு பட்ட பின் ‘இதற்காகவா பட்டோம்’ என்று ஒப்புக்கொள்ள மனம் இசைவதில்லை. ஆகவே பெற்றதைப் பெரிதென்று நெஞ்சம் தனக்குத்தானே சாதித்துக்கொள்கிறது. இது அன்பன்று, காயத்தின்மேல் போர்த்திய போர்வை. பட்டவளே மறு ஆண்டில் படுத்துகிறவளாவதும் இப்போர்வையினால்தான்.

2008-இல் மெய்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட விரிவான ஆய்வும் இதையே காட்டுகிறது. கழகம், விளையாட்டு அணி, மன்றம் இவற்றைச் சேர்ந்த அமெரிக்க மாணவ மாணவியரில் நூற்றுக்கு 55 பேர் இத்தகைய கொடுமைக்கு உள்ளாகியிருந்தனர். ஆனால் உள்ளானவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குமேல், தமக்கு நடந்தது கொடுமை என்றே கருதவில்லை! அந்நாட்டில் இதனை ‘ஹேசிங்’ என்பர். இரவு முழுதும் உறங்கவிடாமை, மட்டுமீறிக் குடிக்கவைத்தல், இழிமொழி, ஏவல் வேலை, வெளியாரோடு பேசத் தடை என்று அது பல உருவம் கொள்ளும். 2017-இல் பென்சில்வேனியாவில் ஆண்கள் மன்றம் ஒன்றில் 19 வயது மாணவர் ஒருவர், குடிக்கவைக்கப்பட்டு, மாடிப்படியில் விழுந்து கிடந்தார். சுற்றியிருந்தவர்கள் உதவிக்கு அழைக்க ஏறத்தாழ 12 மணி நேரம் கடந்துவிட்டது. அவர் பிழைக்கவில்லை. அவ்வீட்டில் இருந்தவர்கள் யாவரும் அவரைச் ‘சகோதரன்’ என்று அழைக்கவிருந்தவர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் தமிழகமும் பெருமை பேசுவதற்கில்லை. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் கொலையுண்ட பின்னரே, 1997-இல் ராகிங் தடைச் சட்டம் இங்கு இயற்றப்பட்டது. அமெரிக்காவிலும் பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் உண்டு. 2024 டிசம்பர் 23 அன்று நாடு முழுவதற்குமான சட்டம் ஒன்று கையெழுத்தாயிற்று. எந்த மன்றம் இக்குற்றத்தைச் செய்ததாக முடிவாயிற்றோ, அதன் பெயரைக் கல்லூரி யாவரும் காண வெளியிட வேண்டும் என்று அது பணிக்கிறது. ‘அவளாகத்தான் சம்மதித்தாள்’ என்னும் சாக்கையும் அது ஏற்பதில்லை. பதினெட்டு வயதுப் பெண், நட்புக்காக ஏங்கி நிற்கையில், பத்துப் பேர் முன்னிலையில் தலையசைப்பது உண்மையான சம்மதமாகுமா?

இந்நோய் புதியதன்று. நாலாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரில் பயின்ற புனித அகுஸ்தீனார், புதிய மாணவர்களை மிரட்டிக் கேலி செய்து மகிழ்ந்த ஒரு கூட்டத்தைப்பற்றித் தம் ‘பாவ அறிக்கை’யில் எழுதியுள்ளார். அவர் அவர்களோடு கூடித் திரிந்தார். அவர்கள் செயல்களை அருவருத்தார். ஆயினும் தாம் அவர்களைப்போல் இல்லையே என்று உள்ளுக்குள் வெட்கப்பட்டார். செய்யவுமில்லை, தடுக்கவுமில்லை.

அதே நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரிலும் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாய் வந்த மாணவனைச் சூழ்ந்துகொண்டு கேலி பேசி, கடைத்தெரு வழியாக ஊர்வலமாய்க் குளியலிடத்திற்கு இட்டுச் செல்வர். அங்கே கூச்சலிட்டுக் கதவை இடித்து அவனைக் கலங்கவைத்து, அதன்பின்னரே தம்மில் ஒருவனாக ஏற்பர். அது அச்சுறுத்தலேயன்றி உண்மையில் அத்துணைக் கொடியதன்று என்றுதான் நசியான்சு நகர்ப் புனித கிரகோரியாரும் எழுதுகிறார். இருப்பினும், தமக்குப் பின்னர் அங்கு வந்து சேர்ந்த புனித பசிலியாருக்கு அது நேரக்கூடாதென்று, அவருடைய பெருந்தன்மையை எடுத்துரைத்து மற்ற மாணவர்களை இணங்கச் செய்தார் கிரகோரியார். பசிலியார் அச்சடங்கினின்று விடுபட்டார். அந்நிகழ்ச்சியே தங்கள் நட்பின் தொடக்கம் என்று, நண்பர் மறைந்தபின் ஆற்றிய உரையில் கிரகோரியார் நினைவுகூர்ந்தார். இன்றும் சனவரி 2-ஆம் நாள் அவ்விருவரையும் ஒருசேரத் திருச்சபை கொண்டாடுகிறது. அவர்களை ஒன்றுசேர்த்தது எது? சேர்ந்து பட்ட அவமானமா? இல்லை. முன்னே வந்தவர் பின்னே வந்தவருக்குக் கேடயமாய் நின்றதே!

இதைத்தான் அப்பெண்ணுக்குச் சொன்னோம். “மகளே, புதியவளிடம் எதையாவது பறித்துக்கொண்டு அவளை உங்களில் ஒருத்தியாக்க முடியாது. எதையாவது கொடுத்துத்தான் ஆக்க முடியும். நீ முதலில் வந்தவள் என்பதனால் உனக்குக் கிடைப்பது அதிகாரமன்று. அவளுக்கு முன்னே நிற்கும் கடமை.”

“அது சரி, ஃபாதர். ஆனால் என்னென்ன செய்வது?” என்றாள். அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளையல்லவா, நேராகக் கேட்டுவிட்டாள்! நாம் சொன்னவற்றுள் சிலவற்றை நம் பங்குக் குடும்பங்களுக்காக இங்கே தருகிறோம்.

முதலாவது, முன்கூட்டியே யாவையும் சொல்லிவிட வேண்டும். புனித ஆசீர்வாதப்பர் தம் சபை ஒழுங்கின் 58-ஆம் அதிகாரத்தில், மடத்திற்கு வருவோருக்கு எளிதில் கதவைத் திறந்துவிட வேண்டாம், சில நாள் வாசலில் பொறுத்திருக்கட்டும் என்று கூறுவது உண்மையே. ஆனால் உள்ளே வந்தபின், அவருக்கு ஓராண்டுக்குள் மும்முறை ஒழுங்கு முழுவதையும் வாசித்துக் காட்டி, ஏற்க இயலுமாயின் தங்கலாம், இயலாதாயின் தடையின்றிப் போகலாம் என்று சொல்லச் சொல்கிறார். ஆன்மாக்களை அன்பால் ஈர்க்கவல்ல மூத்தவர் ஒருவரை அவருக்குத் துணையாகவும் வைக்கிறார். வாழ்நாள் துறவுக்கே இத்துணைத் திறந்த முறை என்றால், நான்காண்டு மாணவியர் மன்றத்திற்கு மறைவு எதற்கு? எத்தனை வாரம், எவ்வளவு பணம், என்னென்ன கடமை, சடங்கு எந்நாள் என்பதையெல்லாம் புதியவள் தன் பெற்றோருக்குக் காட்டத்தக்கவாறு எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது, உறக்கம், உணவு, படிப்பு, வழிபாடு, வீட்டாரோடு பேசும் உரிமை ஆகிய ஐந்திலும் கைவைக்காதீர்கள். கைபேசியைப் பிடுங்கிவைக்கும் எந்தச் சடங்கும் நல்ல சடங்கன்று.

மூன்றாவது, மதுவை அறவே விலக்குங்கள். அமெரிக்காவில் 21 வயது நிரம்பாதவர்க்கு மது வழங்குவது சட்டப்படியே குற்றம். ஒருத்தி மயங்கி விழுந்தால் ‘மன்றத்தின் பெயர் கெடுமே’ என்று ஒரு நிமிடமும் தாமதியாமல் 911 எண்ணை அழையுங்கள். பெயரை மீட்கலாம், போன உயிரை மீட்க இயலாது.

நான்காவது, ஏவலை மாற்றிப் போடுங்கள். மூத்தவள் புதியவளுக்குப் பணிவிடை செய்யட்டும். வகுப்பறைக்கு வழி காட்டட்டும். முதல் தேர்வுக்கு உடனிருந்து படிக்கட்டும். காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டு வரட்டும். சேர்ந்து பட வேண்டிய கஷ்டம் ஒன்று வேண்டுமென்றால், முதியோர் இல்லத்தில் ஒரு நாள் சேர்ந்து உழையுங்கள். அங்கே வழியும் வியர்வையும் ஒன்றுசேர்க்கும். அதில் அவமானம் இராது.

ஐந்தாவது, ‘நிறுத்துங்கள்’ என்று சொல்ல ஒருத்தியை முன்னதாகவே நியமியுங்கள். கேலி எல்லை மீறும்போது எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பரேயன்றி யாரும் வாய் திறவார். அகுஸ்தீனாராலேயே அன்று இயலவில்லை. ஆகவே அது ஒருத்தியின் பொறுப்பு என்று முன்னரே குறித்துவிடுவது நலம். நல்ல நடத்தையா தீய நடத்தையா என்று ஐயுற்றால், உரைகல் எளியது: இதை என் தாய் பார்த்துக்கொண்டிருக்கச் செய்வேனா? அவளுடைய தாய் பார்த்துக்கொண்டிருக்கச் செய்வேனா?

பேச்சு முடிந்து நாம் எழுந்தபோது, அதுவரை வாய் திறவாதிருந்த அந்த இளைய மகள் கைபேசியைத் தம் கையில் வாங்கினார். அண்ணன் மகளிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: “கண்ணு, அந்த அறையிலே பதினாறு பேர் இருந்தார்கள். என்னைத் தொந்தரவு செய்தது நாலே பேர்தான். மற்றவர்களில் ஒரே ஒரு அக்கா என் கட்டிலிலே வந்து என் பக்கத்திலே உட்கார்ந்திருந்தால், நான் படித்து முடித்திருப்பேன். நீ அந்த அக்காவாக இரு.”

நாம் அவ்வீட்டின் நடுவே நின்று, முப்பது ஆண்டுகளுக்கு முன் தந்த அறிவுரைக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் தலைகுனிந்து, “சாமிக்கு அப்போது சின்ன வயசு” என்றார். நம் நெஞ்சுக்கு அது ஆறுதலாயில்லை. அவளுக்கு அன்று நம்மைவிடச் சின்ன வயதல்லவா? பதினாறு பேரோடு பதினேழாவது ஆளாய் நாமும் பேசாதிருந்தோம். பேசாதிருந்தது மட்டுமா? பொறுமை என்னும் புண்ணியத்தின் பெயரால் அவளைத் திருப்பியும் அனுப்பினோம். சிலுவையைச் சுமப்பவருக்கு உதவுவது சீரேன் ஊர் சீமோனின் பணி. பிறர் தோளில் சிலுவையை ஏற்றிவைத்துவிட்டுப் பொறுமையைப் போதிப்பது எவருடைய பணியுமன்று.

பெற்றோரே, உங்கள் மக்கள் ஒவ்வோர் ஆண்டும் விடுதிகளுக்குப் புறப்படுகின்றனர். பெட்டியில் எண்ணெயும் ஊறுகாயும் வைக்கிறீர்கள், செபமாலையும் வைக்கிறீர்கள். அதனோடு இரண்டு சொற்களையும் வைத்தனுப்புங்கள். முதலாண்டில், “எது நடந்தாலும் எங்களிடம் சொல், உன்னைக் கோழை என்று சொல்லமாட்டோம்” என்று கூறுங்கள். அப்படிச் சொல்லும்போது நம்பவும் செய்யுங்கள். விடுதிக் காப்பாளரிடமும் கல்லூரி முதல்வரிடமும் எழுத்தில் முறையிடுங்கள். நம் நாட்டில் 1800-180-5522 என்னும் கட்டணமில்லா எண்ணும் இதற்கென உள்ளது. இரண்டாம் ஆண்டில், “புதிதாய் வந்திருக்கும் பிள்ளையின் பெயர் என்ன? அவள் சாப்பிட்டாளா?” என்று உங்கள் மகளைக் கேளுங்கள். முதற்சொல் உங்கள் மகளைக் காக்கும். இரண்டாவது இன்னொருவர் மகளைக் காக்கும்.

மூத்தவள் இளையவளை எவ்வாறு வரவேற்க வேண்டும் என்பதற்கு நற்செய்தியில் ஓர் இல்லம் உண்டு. மலைநாட்டில் வாழ்ந்த எலிசபெத்தம்மாள் வயதில் மூத்தவர், குருவின் மனைவி, ஊரில் மதிப்புள்ளவர். வாசலில் வந்து நின்றவரோ நாசரேத்தூர் இளம்பெண். மூத்தவர் இளையவரைச் சோதிக்கவில்லை, காத்திருக்க வைக்கவில்லை. இவ்வளவு பெரிய பேறு தமக்கு எப்படிக் கிடைத்தது என்று வியந்து வாழ்த்தினார். அந்த வரவேற்பைப் பெற்ற பின்னரே மரியன்னையின் உள்ளத்தினின்று புகழ்ப்பாடல் எழுந்தது. வாசலில் வந்து நிற்கும் ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் ஒரு பாடல் உண்டு. அது வெளிவருவதும் அடங்கிப்போவதும் கதவைத் திறப்பவர் முகத்தைப் பொறுத்தது.

அமெரிக்காவிலுள்ள அப்பேத்தி மன்றத்தில் சேர்ந்துவிட்டாளாம். பாட்டியார் இப்போது செபமாலையின் ஒரு பத்தை, அடுத்த ஆண்டு அம்மன்றத்திற்கு வரவிருக்கும், பெயர் தெரியாத ஒரு பெண்ணுக்காக ஒப்புக்கொடுத்து வருகிறார். நாமும் அவரோடு சேர்ந்துகொள்வோமாக.